தங்கச்சிக்கு விடு

பந்து என்றால் உருண்டையாக இருக்க வேண்டாமா, நீங்களே சொல்லுங்கோ பாப்பம்? வதனி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு இதைத்தான் கேட்டாள். மறுமுனையில், பிஸ்கட் தொழிற்சாலையின் தேநீர் இடைவேளையில் நின்ற அவள் புருஷன் ரூபன் கேட்டதோ வேறு. ஆர் முன்னுக்கு, எத்தனை புள்ளி, இன்னும் எவ்வளவு நேரம் கிடக்கு. அதெல்லாம் பிறகு. முதலில் இந்தப் பந்துக்கு ஒரு நியாயம் வேண்டும். பப்பாசிக்காய் மாதிரி இரண்டு பக்கமும் கூம்பின ஒரு சாமான், மேலே இருந்து நேராகத்தான் வரும், நிலத்தில் பட்டதும் மாமியார் வீட்டில் கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை போல ஒரு பக்கமாகத் திரும்பி நடந்துவிடும், அதன் பின்னால் பெற்று வளர்த்த பிள்ளைகள் ஈரப்புல்லில் விழுந்து புரண்டு ஓட வேண்டும், இதற்குப் பெயர் ஃபுட்டி, அவுஸ்திரேலியக் கால்பந்து, இதற்கு ஒரு தேசமே ஞாயிற்றுக்கிழமை காலையில் குளிக்காமல் கொள்ளாமல் வந்து நிற்கிறது. அவளும் வந்து நிற்கிறாள். மெல்பேர்ண் முடிந்து மாட்டுப்பண்ணைகள் தொடங்குகிற இந்தப் புறநகரில் மைதானத்தைச் சுற்றிக் கார்களை மூக்கு உள்ளே பார்க்க நிறுத்திவிட்டு, தூறலில் நனைகிறவர்கள் நனைய, நனையாதவர்கள் கண்ணாடிக்குள் இருந்து பார்ப்பார்கள். தங்கள் பக்கத்துக்குக் கோல் விழுந்தால் கார்கள் எல்லாம் சேர்ந்து ஹோர்ன் அடிக்கும். வதனி மட்டும் இன்றுவரை அடித்ததில்லை. ஊரில், முழங்காவில் ரோட்டில், ஹோர்ன் என்றால் 'விலகு, செவிடே' என்று அர்த்தம், அதைச் சந்தோஷத்துக்கு அடிக்கக் கை போவதில்லை. அவள் காரின் முன்மூடியில் சாய்ந்து நின்றாள், எஞ்சின் சூடு இடுப்புக்கு இதமாக இருந்தது, தோடம்பழம் வெட்டின விரல்கள் ஒட்டின. இன்றைக்குத் தோடம்பழ முறை அவளுடையது. இடைவேளையில் பிள்ளைகளுக்கு வெட்டிக் கொடுக்க வேண்டும், அவள் கை தன்பாட்டில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவிவிட்டது, வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஒரு கடி கடித்துவிட்டுக் கண்ணால் தண்ணீர் வர இன்னொன்று கேட்டார்கள். அது நல்ல சகுனம். ரெண்டு புள்ளி நாங்கள் முன்னுக்கு, கடைசிக் கால்பகுதி இப்ப தொடங்குது, அந்த நீலக்கோட்டு மனுசி இன்னும் மரத்தடியிலதான் நிக்கிறா, என்று அவள் ஒரே மூச்சில் சொன்னாள். அங்கே ரூபன் மூச்சுவிடுவதை மறந்தது இங்கே கேட்டது.

நீலக்கோட்டு மனுசிதான் விஷயம். வட்டார அணிக்குப் பிள்ளை தெரிவு செய்ய வந்தவள். இந்தக் கழகத்தில் இருந்து ஒருத்தியைத்தான் எடுப்பார்களாம், பயிற்சியாளர் மிஷேல் வியாழக்கிழமையே சொல்லிவிட்டாள், அது ஆரபி, இல்லாவிட்டால் மிதுஷா. ஆரபி வதனி பெற்றவள். மிதுஷா வதனியின் அக்கா தயா பெற்றவள், ஆரபிக்கு நாலு மாதம் இளையவள், தகப்பன் மாரடைப்பில் போனதில் இருந்து தாயும் மகளும் வதனி வீட்டில்தான். ஒரே வீடு, ஒரே அறை, ஒரே ஷாம்பூ, இப்போது ஒரே இடம். தயாவுக்கு முதியோர் இல்லத்தில் ஞாயிறு வேலை, ஆகவே இரண்டு பிள்ளைக்கும் தாயாக இங்கே நிற்கிறவள் வதனி ஒருத்தி. இரண்டு கண்ணில் எந்தக் கண் என்று எவராவது கேட்டால் அவள் என்ன சொல்வாள். கேட்கவில்லை, நல்லகாலம், அந்த நீலக்கோட்டுதான் சொல்ல வேண்டும். ஆனாலும் மனம் சும்மா இருக்கிறதா. இந்த வருஷம் முழுக்க அது இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறுத்துக்கொண்டேதான் இருக்கிறது, சமைக்கும்போதும் உடுப்புக் காயப்போடும்போதும். மிது இருக்கிறாளே, அவள் ஆகாயத்தில் விளையாடுகிறவள். பந்து உதைபட்டு மேலே எழும்பினால் மற்றப் பிள்ளைகள் எங்கே விழும் என்று பார்ப்பார்கள், மிது எங்கே ஏறலாம் என்று பார்ப்பாள், முன்னால் நிற்கிற பிள்ளையின் முதுகில் முழங்காலை வைத்து எழும்பி, இரண்டு கையையும் விரித்து, மாங்காய் பறிக்கிற மாதிரிப் பறித்துக்கொண்டு விழுவாள். உதைத்த பந்தை நிலம் தொடமுதல் இப்படிப் பிடித்தால் அதற்கு மார்க் என்று பெயர், பிடித்தவளை எவரும் தொடக் கூடாது, ஆறுதலாக நின்று உதைக்கலாம். மிதுவுக்கு ஆறுதல் என்றால் என்னவென்று தெரியாது. விழுந்த இடத்திலேயே சிரிப்பாள், ஒரு சொக்ஸ் எப்போதும் கீழே, பின்னல் அவிழ்ந்து வாய்க்குள், இடது காலால் ஓங்கி ஒன்று கொடுப்பாள், பந்து நாலு கம்பத்தில் நடு இரண்டுக்குள்ளால் போனால் ஆறு புள்ளி, ஓரக் கம்பத்துப் பக்கம் போனால் ஒரு புள்ளி, போகாவிட்டால் அதற்கும் சிரிப்பு. வீட்டில் தேத்தண்ணி போட்டாலும் அவள் இப்படித்தான், அடுப்பு, தரை, பூனை எல்லாம் தேத்தண்ணி, ஆனால் குடித்தால் சொர்க்கம்.

ஆரபி நிலத்தில் விளையாடுகிறவள். துள்ளமாட்டாள். மேலே ஐந்து ஆறு பேர் கையும் முழங்கையுமாக எழும்பி முட்டி மோதும்போது இவள் நாலு அடி தள்ளி, குசினிக்குள் உலை கொதிக்கக் காத்திருக்கிறவள் மாதிரி நிற்பாள், ஒருவரும் பிடிக்காமல் பந்து நழுவி விழும், விழுகிற இடத்தில் இவள் கை இருக்கும். அதெப்படி அந்த மாப்பிள்ளைக்கோபப் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று இவளுக்கு முன்கூட்டியே தெரிகிறது? கேட்டால், 'அது சொல்லும் அம்மா' என்பாள். எடுத்த பந்தை வைத்திருக்கவும் மாட்டாள். இந்த விளையாட்டில் பந்தை எறியக் கூடாது, ஒரு உள்ளங்கையில் வைத்து மற்றக் கை முட்டியால் குத்திவிட வேண்டும். ஆரபி எடுப்பதும் குத்துவதும் ஒரே அசைவு, அவள் கையில் பந்து இருந்ததை எதிரணிப் பிள்ளை அறிகிறபோது அது மிதுவின் கையில் இருக்கும். மிதுவின் கோல்களில் பாதி ஆரபி குத்திக்கொடுத்தவை. ஆரபியின் கோல்? வதனி யோசித்துப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை. வருஷம் முழுக்க இல்லை. 'தன்னலமில்லாத ஆட்டக்காரி' என்று மிஷேல் எல்லார் முன்னிலும் சொன்னபோது வதனிக்கு நெஞ்சு விரிந்தது, அன்றைக்கு இறால் வாங்கிப் பொரித்தாள். இரண்டும் இரண்டு அழகு, எதைக் கூட என்று சொல்வது, ஒன்று ஏறிப் பறிக்கிறது, ஒன்று குனிந்து எடுத்துக் கொடுக்கிறது. ஆனால் மரத்தடியில் தூரத்தில் நிற்கிறவளுக்கு எது தெரியும்? ஏறினது தெரியும். குனிந்தது தெரியுமா? அங்க, அங்க பாருங்கோ, ஐயோ விழுந்திட்டாள், இல்லை, எழும்பிட்டாள், இல்லை, அது வேற பிள்ளை. "நீர் கொமென்ட்றி சொல்லுறீரோ, செத்தவீட்டில ஒப்பாரி வைக்கிறீரோ" என்றான் ரூபன். "கிரிக்கெட் மட்டும் தெரிஞ்ச மனுசனுக்கு இதுக்குமேல எப்படிச் சொல்லுறது" என்றாள் அவள். "பேசாமல் கேளுங்கோ."

பிறகுதான் அது நடந்தது. நடுவில் இருந்து உயரமாக ஒரு உதை, பந்து மழைக்குள் போய் மழையோடு இறங்கி வந்தது, நேரே அவள் நிற்கிற பக்கத்துக் கோட்டுக்கு. கீழே ஆரபி தயாராக நின்றாள், இந்த முறை கை இரண்டையும் மேலே தூக்கி, கண் பந்தில், அழகாக, அது அவளுடைய பந்து, எவர் பார்த்தாலும் அவளுடையது, அந்தப் பக்கமிருந்து மிதுவும் பாய்ந்து வந்துகொண்டிருந்தாள், இரண்டு பிள்ளையும் மோதப் போகிறார்கள், தலையும் தலையும், வதனியின் வாய் திறந்தது, திறந்த வாய்க்குள் இருந்து அவள் யோசிக்காத ஒரு வசனம், வருஷக்கணக்காகத் தினம் பத்துத் தரம் சொல்லித் தேய்ந்து வழுக்கலான வசனம், மைதானம் முழுக்கக் கேட்க வெளியே போனது. "ஆரபி, தங்கச்சிக்கு விடு." ஆரபியின் கைகள் இறங்கின. அவ்வளவு சுளுவாக, அவ்வளவு பழக்கமாக, விளக்கு அணைக்கிற மாதிரி. மிதுவும் பெரியவர் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு நின்றுவிட்டாள். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் புல்லில் விழுந்து திரும்பிக்கொண்டு போக, எதிரணிச் சிவப்புச் சட்டைப் பிள்ளை ஒருத்தி நன்றிகூடச் சொல்லாமல் அள்ளிக்கொண்டு ஓடி, ஒருத்திக்கு உதைத்து, அவள் இன்னொருத்திக்கு உதைத்து, கோல். எதிர்ப்பக்கத்துக் கார்கள் எல்லாம் ஊளையிட்டன. இந்தப் பக்கம், பச்சைச் சட்டைப் பிள்ளைகளின் தாய்தகப்பன்மார் வதனியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் அவள் சொன்னது விளங்கவில்லை, ஏதோ உற்சாகமாகக் கத்தினாள் என்று ஒருத்தி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். அந்த மைதானத்தில் அது விளங்கினவர்கள் மூன்றே பேர். "என்னப்பா சத்தம்?" என்றான் ரூபன். நாலாவது ஆளும் இருந்திருக்கிறான். "நாலு புள்ளி பின்னுக்கு" என்றாள் வதனி. "என்னால."

முகம் சுட்டது, மழை பட்டும் சுட்டது. சரி, மோதாமல் காப்பாற்றினேன், தாய் செய்கிறதைத்தான் செய்தேன், தலை உடைந்திருந்தால் அக்காவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன், என்று தனக்குத் தானே சொல்லிப் பார்த்தாள், ஆனால் மனம் அதில் நிற்கவில்லை, முள்ளில் பட்ட சேலை மாதிரி ஒரு இடத்திலேயே இழுபட்டுக்கொண்டு நின்றது. அந்தக் கைகள். இறங்கின விதம். மோதலுக்குப் பயந்து இறங்கின கை அப்படி இறங்காது, பயந்த கை மடங்கும், முகத்தை மறைக்கும். இது மேசையில் இருந்து எடுத்த கடைசித் துண்டைத் திரும்பப் பீங்கானில் வைக்கிற கை. அவளுக்கு எங்கே இருந்து வந்தது இந்தக் குணம்? தாயிடம் இருந்து நிச்சயம் இல்லை. வதனி பள்ளிக்கூடத்தில் கிளித்தட்டு ஆடினால் கோட்டில் மறிக்கிறவள் ஆரானாலும் இடுப்பை வளைத்துப் புகுந்து போகிறவள், வலைப்பந்தில் நகம் கீறிப் பந்தைப் பறித்ததற்கு அதிபரின் அறை வாசலில் நின்றவள், ஒருவருக்கும் ஒன்றும் விட்டவள் இல்லை. தகப்பனிடம் இருந்தும் இல்லை, ரூபன் பொரித்த மீனில் நடுத்துண்டைக் கேட்காமல் எடுக்கிற மனுசன். அப்படி என்றால் பெரியம்மாவிடம் இருந்து. ஓம், தயா அக்காதான், அச்சு அசல் தயா அக்கா, அக்கா அப்படித்தான், காலுக்குப் புதுச் சப்பாத்து வந்தால் வதனிக்கு, சைக்கிள் ஒன்று வந்தால் வதனிக்கு, விட்டுக்கொடுக்கிற சிரிப்போடேயே பிறந்தவள். ரத்தம் என்று ஒன்று இருக்கிறது, அது சுற்றிச் சுற்றி எங்கேயாவது வந்து நிற்கும். இப்படி முடிவுகட்டியதும் வதனிக்கு மனம் லேசானது, மகள் அக்காவைப் போல என்றால் அதில் என்ன குறை, அவள் கைதட்டினாள், பச்சைப் பிள்ளைகளே ஓடுங்கோ என்று தமிழில் கத்தினாள், வாய்தான் வாய், அதைக் கட்டிவைக்க முடியுமா.

ஆனால் பந்து திரும்பத் திரும்ப அந்தப் பக்கமே போய் வந்தது, யோசனையும் அப்படித்தான். ஆரபி ஒரு கூட்டத்துக்கு அடியில் காணாமல் போனாள், முதுகுகளும் முழங்கால்களும் மட்டும் தெரிந்தன, வதனி மூச்சைப் பிடித்தாள், இந்த நிமிஷம் எப்போதும் கண்ணை மூடுகிற நிமிஷம், இன்றைக்கு மூடவில்லை, அந்தக் குவியலுக்குள் இருந்து பந்து ஒன்று பிதுங்கி வெளியே வந்தது, மிதுவின் கைக்கு, எப்போதும் போல. எப்போதும் போல. காலையில் காரில் ஏறினபோது மிது முன்கதவைத் திறந்தாள், எப்போதும் போல, ஆரபி பின்னால் இரண்டு பேருடைய பையையும் மடியில் வைத்துக்கொண்டு. முன்சீற்று மிதுவுடையது. யன்னலோரக் கட்டில் மிதுவுடையது. முதல் தோசை, ஊதா நிறப் பை, கேக்கில் ரோசாப்பூ இருக்கிற துண்டு. எவர் கொடுத்தது? வந்த புதிதில் மிது ராத்திரியெல்லாம் தகப்பனைக் கேட்டு அழுவாள், தயா அக்கா குசினிக்குள் நின்று, 'நாங்கள் உங்களுக்குப் பாரம், வதனி' என்றாள் ஒருநாள், அரிசி களைந்துகொண்டே, திரும்பாமல். அந்தச் சொல்லை இந்த வீட்டில் இன்னொரு தரம் சொல்லவிடக் கூடாது என்று வதனி நினைத்தாள், தன் பிள்ளைக்கு ஒரு பங்கு, அக்காவின் பிள்ளைக்கு ஒன்றரைப் பங்கு, ஊரும் உலகமும் பார்க்கட்டும். ஒன்பது வயது ஆரபி முன்சீற்றில் ஏறப்போனபோது சொன்னாள், தங்கச்சிக்கு விடு. யன்னலோரம் படுத்தபோது, தங்கச்சிக்கு விடு. பிறகு சொல்லவே தேவைப்படவில்லை, பிள்ளை முந்திக்கொண்டு விட்டுவிட்டது, வதனி அதைப் பார்த்து நல்ல பிள்ளை என்றாள், இறால் பொரித்தாள். இது ரத்தம் இல்லை. அவள் கார் மூடியில் இருந்து நிமிர்ந்து நின்றாள். ரத்தம் ஒன்றும் இல்லை இது. தயா அக்காகூட அப்படிப் பிறக்கவில்லை, அக்காவிடம் சொன்ன குரல் வதனிக்கு இப்போது காதுக்குள் கேட்டது, அம்மாவின் குரல், கிணற்றடியில் இருந்து, அதே வசனம், அதே ராகம், 'தயா, தங்கச்சிக்கு விடு', அந்தத் தங்கச்சி வேறு ஆருமில்லை, புதுச் சப்பாத்தோடு முற்றத்தில் குதித்த இந்த வதனிதான். ஒருவருக்கும் ஒன்றும் விடாதவள் என்று சற்று முன்னர் பெருமை பேசினாளே. அவள் விடத் தேவைப்படவே இல்லை. அவளுக்காக ஒருத்தி விட்டுக்கொண்டிருந்தாள்.

மிஷேல் அதைத் தன்னலமில்லாத ஆட்டம் என்றாள், நீலக்கோட்டு மனுசி அதற்கு என்ன பெயர் வைப்பாளோ, ஆனால் அது ஆட்டமே இல்லை, அது வதனியின் குரல், பிள்ளையின் கைக்குள் இருந்து பந்தைத் தட்டிவிடுகிற குரல். அப்படியா? முழுக்க அப்படியா? பந்து விழுகிற இடத்தில் நிற்கிற அந்த அறிவு அவளுடையது, அதை எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்தக் குத்தின் வேகம் அவளுடையது. எடுப்பது அவளுடையது. கொடுப்பதில் எவ்வளவு அவளுடையது, எவ்வளவு எங்களுடையது? இதைப் போய் எவரிடம் கேட்பது. "இஞ்சருங்கோ" என்றாள் போனில், "ஆரபிக்கு என்ன விருப்பம் எண்டு உங்களுக்குத் தெரியுமே?" "இறால்" என்றான் ரூபன். "அது எனக்கு விருப்பமப்பா. அவளுக்கு." "முட்டைக்கோப்பி" என்றான் பிறகு, அவ்வளவு நிச்சயமில்லாமல். "அது மிதுவுக்கு." "எண்டால் தெரியாது" என்றான் அவன், "ஏன், இப்ப என்ன நடந்தது, பிள்ளைக்கு அடிபட்டுட்டுதே?" "இல்லை" என்றாள் வதனி. "நேரம் முடியப்போகுது. போனை வையாதேங்கோ."

நேரம் முடியத்தான் போனது. மிஷேல் கோட்டோரம் கையை வட்டமாகச் சுழற்றினாள், கடைசி நிமிஷம் என்று அர்த்தம். மழை கொஞ்சம் கூடியது, எல்லார் கையிலும் இருந்து பந்து மீன்போல வழுக்கியது, இது ஆகாயத்தில் விளையாடுகிறவளின் நேரம் இல்லை என்று வதனிக்குச் சட்டென்று பட்டது, இது நிலத்தில் விளையாடுகிறவளின் நேரம், மேலே எழும்புகிறவர்கள் எல்லாம் நழுவவிடுவார்கள், கீழே ஒருத்தி நிற்பாள். கோலுக்கு முன்னால் ஒரு கூட்டம் எழும்பியது, நடுவில் மிது, எவரோ ஒருத்தியின் தோளில், விரல் நுனியில் பந்து, பிடித்துவிட்டாள், இல்லை, நழுவியது, விழுந்தது, விழுந்த இடத்தில் ஆரபியின் கை இருந்தது. அவளுக்கு முன்னால் நாலு கம்பமும் வெளியாக நின்றன. உதைத்தால் போகும் தூரம். எடுத்த கையோடு மற்றக் கை முட்டியாக மடங்கியது, பழக்கம், குத்திக்கொடுக்கப் போகிறாள், இடது பக்கம் மிது எழும்பி நின்று, "அக்கா, அக்கா" என்று கையை உயர்த்தினாள், அவளுக்குப் பின்னால் உயரமான சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி அட்டைபோல ஒட்டிக்கொண்டு நின்றாள், கொடுத்தால் பறிபோகும், அது ஆரபிக்குத் தெரியும், தெரிந்தும் அந்த முட்டி விரியவில்லை. அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். பந்தோடு நின்று தலையைத் திருப்பினாள், மிதுவை அல்ல, கம்பத்தை அல்ல, கோட்டுக்கு வெளியே கார்களின் வரிசையை, அம்மாவை. கண்ணிமைக்கிற நேரம்தான். ஆனால் வதனிக்கு அதற்குள் ஒரு வீடே தெரிந்தது, கட்டில், கதவு, கேக், ரோசாப்பூ, கிணற்றடி. நாக்கு நுனியில் அந்த வசனம் எழும்பி வந்து நின்றது, பாவி, இந்த நேரத்திலும் வந்து நின்றது, அவள் அதைப் பல்லால் கடித்து விழுங்கினாள், விழுங்கின இடத்தில் வேறு ஒன்று பிறந்தது, இந்த வாயால் இதுவரை அந்தப் பிள்ளைக்குச் சொல்லாத ஒன்று. "விடாத, ஆரபி. நீ அடி பிள்ளை."

ஆரபி அடித்தாள். வலது காலால், அவ்வளவு வடிவாக இல்லை, கொஞ்சம் சாய்ந்து, பந்து பம்பரம்போலத் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு போனது, போய்க்கொண்டே இருந்தது, மழைத்துளிகள் அதற்கு வழிவிட்டு விலகுவது போல இருந்தது வதனிக்கு, நடுக் கம்பங்கள் இரண்டும் இன்னும் கொஞ்சம் விரிந்தால் என்ன, முருகா, ஒரு சாண், டொங் என்று ஒரு சத்தம். வலப்பக்கத்து உயரக் கம்பத்தில் பட்டுக் கீழே விழுந்தது. கம்பத்தில் பட்டால் கோல் இல்லை. ஒரு புள்ளி. ஒரே ஒரு புள்ளி. சங்கு ஊதியது. மூன்று புள்ளியால் தோல்வி. பச்சைப் பக்கத்துக் கார்கள் எல்லாம் வாய் மூடி நின்றன, வைப்பர்கள் மட்டும் இப்படியும் அப்படியும் ஆடின, அந்த அமைதிக்குள் ஒரே ஒரு கார் ஹோர்ன் அடித்தது. நீளமாக, விடாமல், ரோட்டில் மாடு நின்றால் லொறிக்காரன் அடிக்கிற மாதிரி. வதனி யன்னலுக்குள்ளால் கையை விட்டு முழு உள்ளங்கையாலும் அழுத்திக்கொண்டு நின்றாள். தோற்ற பக்கத்தில் ஒரு புள்ளிக்கு ஹோர்ன் அடித்தவள் அந்தக் கழகம் தொடங்கின நாளில் இருந்து ஒருத்தியும் இருக்கமாட்டாள். எல்லாரும் பார்த்தார்கள், முன்னர் கட்டைவிரல் காட்டினவள் சிரித்தாள், பிறகு, என்ன நினைத்தாளோ, தானும் தன் காரில் ஒரு தட்டுத் தட்டினாள். "என்னப்பா" என்று போனுக்குள் ரூபன் பதறினான், "ஆரையும் காரால இடிச்சிட்டீரோ?" "ஆரபி அடிச்சவள்" என்றாள் வதனி. "கோலோ?" "இல்லை. கம்பத்தில." "தோல்வியோ?" "ஓம்." "பிறகேன் ஹோர்ன்?" அதை இப்போது போனில் எப்படி விளங்கப்படுத்துவது. "வீட்டை வந்து கேளுங்கோ" என்று சொல்லிப் போனை வைத்தாள். கண் ஏன் இப்படி நிறைகிறது, தோடம்பழ விரலால் துடைத்தாள், மிளகாய்த்தூள் பட்டு இன்னும் நிறைந்தது.

நீலக்கோட்டு மனுசி மரத்தடியை விட்டு இறங்கி மிஷேலிடம் நடந்து போவதை அவள் ஒரு கண்ணால்தான் பார்த்தாள், மற்றக் கண் எரிந்துகொண்டிருந்தது. மிஷேல் மிதுவைக் கூப்பிட்டாள். மிது கேட்டாள், வாயைப் பொத்தினாள், பிறகு சொக்ஸ் இரண்டும் கீழே விழ வதனியிடம் ஓடிவந்தாள். "சித்தி, என்னையாம். என்னை எடுத்திட்டினமாம் சித்தி." வதனி அவளை இறுக்கி அணைத்தாள், சேறும் மழையும் வியர்வையும் சேர்ந்த அந்தப் பிள்ளை துள்ளிக்கொண்டு இருந்தது, வதனிக்கும் சந்தோஷம்தான், உண்மையான சந்தோஷம், அதற்குள் ஒரு சின்னக் கல்லும் இருந்தது, அந்தக் கல்லை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் பிள்ளையின் ஈரத்தலையைத் தடவினாள். "அம்மாவுக்கு நீயே அடிச்சுச் சொல்லு" என்று போனைக் கொடுத்தாள். ஆரபி ஆறுதலாக நடந்து வந்தாள், இரண்டு பேருடைய பையையும் தூக்கிக்கொண்டு. "ஆரபி" என்று தொடங்கினாள் வதனி, "முன்னம் நான் கத்தினது—" "மிதுவைத்தான் எடுக்க வேணும் அம்மா" என்றாள் ஆரபி. "நானெண்டாலும் அவளைத்தான் எடுப்பன். நீங்கள் பாக்கேல்லையே, அவள் எப்பிடி ஏறுறாள் எண்டு." பொய் சொல்கிற முகம் இல்லை அது. அப்போ அந்தக் கொடுக்கிற குணத்தில் கொஞ்சம் அவளுடையதும்தான், வதனிக்கு ஒரு பக்கம் ஆறுதலாக இருந்தது. "உன்ர அடி?" என்று கேட்டாள். ஆரபியின் உதட்டோரம் மெல்ல மேலே போனது. "டொங் எண்டது கேட்டதே அம்மா? நல்ல சத்தம், என்ன." "நல்ல சத்தம்" என்றாள் வதனி. "ஹோர்ன் ஆர் அடிச்சது, நீங்களோ?" "வேற ஆர்." "ஐயோ அம்மா" என்றாள் ஆரபி, வெட்கம் தாங்காமல் பையால் முகத்தை மறைத்துக்கொண்டு. பைக்குப் பின்னால் அவள் சிரிப்பது தெரிந்தது.

மழை விட்டிருந்தது. எதிர்ப்பக்கக் கார்கள் ஒவ்வொன்றாகப் பின்வாங்கிப் போயின, புல்லில் தோடம்பழத் தோல்களைக் கடல்பறவைகள் கொத்திப் பார்த்துவிட்டு உறைப்புக்குத் தலையை உதறின. வதனி சாரதிப் பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். மிது தாயோடு கதைத்து முடித்து, போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எப்போதும் போல முன்கதவின் கைப்பிடியில் கை வைத்தாள். அவள் கைக்குப் பக்கத்தில் இன்னொரு கை வந்து பதிந்தது. சேறு காய்ந்த கை, நகத்துக்குள் புல். அது மிதுவின் கையைத் தள்ளவில்லை, விலகவும் இல்லை, பதிந்தபடி இருந்தது. உள்ளே வதனியின் தொண்டையில் அந்தப் பழைய வசனம் ஒரு தரம் அசைந்து பார்த்தது. அவள் சாவியைத் திருகாமல், உதட்டை மூடிக்கொண்டு, கண்ணாடியில் வழிந்த நீரைப் பார்த்தபடி இருந்தாள்.

"மிது" என்றாள் ஆரபி வெளியே. "இண்டைக்கு முன்சீற்றை எனக்கு விடடி."